பாலத்து ஏற்றத்தில் விழுந்த தண்டு

பட்டாசுக் கம்பெனிக்குள் இரும்பு ஸ்பேனருக்கு இடமே கிடையாது. ஒரு பொறி பறந்தால் போதும், கதை முடிந்தது. அதனால் வேன் டிரைவர் பாண்டிச்செல்வம், வண்டிக்கடியில் ஆடிக்கொண்டிருந்த ஜாயின்ட் தண்டின் நட்டுகளை போர்மேன் கொடுத்த பித்தளை ஸ்பேனரால்தான் முடுக்கினான். பித்தளை வாய் விரிந்து வழுக்கியது; நட்டு முழுசாக இறுகவில்லை. கேட்டுக்கு வெளியே போய் இரும்பால் முடுக்கியிருக்கலாம். வெடி லோடுக்கு அடியில் படுத்து இரும்பைத் தட்ட எவனுக்குத் துணிச்சல் வரும்? "சாத்தூர் வரைக்கும் தாங்கும்லே" என்று தனக்குத்தானே சொல்லிக் கிளம்பிவிட்டான். பக்கத்தில், அதே கம்பெனியில் வேலை முடித்துவந்த அவன் மனைவி மாரிச்செல்வி.

எஞ்சினின் சுற்று கியர் பாக்ஸிலிருந்து அந்தத் தண்டு வழியாகத்தான் பின்னச்சுக்குப் போய்ச் சக்கரத்தைத் திருப்பவேண்டும். பாலத்து ஏற்றத்தில் அம்புட்டுப் பாரமும் அதன்மேல் விழுந்ததும், டமார்! தண்டின் பின்முனை கழன்று தார்ரோட்டில் அடித்தது. எஞ்சின் வெறும் கூச்சல் போட்டதே தவிர, வண்டி நகரவில்லை. பிரேக்கை மிதித்தபடி கண்ணாடியில் பார்த்தான். அடியிலிருந்து பொறி!

எஞ்சினை அணைத்தான். ஹேண்ட் பிரேக் என்றைக்கோ செத்த வண்டி; வழக்கம்போல முதல் கியரில் போட்டான். "குதி புள்ள!" என்று கத்திவிட்டுத் தலைதெறிக்க மேட்டில் ஓடினான்.

உச்சிக்குப் போய்த்தான் திரும்பிப் பார்த்தான். மாரிச்செல்வி குதிக்கவில்லை. அவன் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கியர்ல போட்டும் நிக்கல! பின்னால உருளுதுங்க!"

அடப்பாவி, கியர் எதைப் பிடிக்கும்? அதற்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்த தண்டுதான் ரோட்டில் கிடக்கிறதே. அவள் காலை எடுத்தால் வண்டி உருளும், இரும்பு மறுபடி தாரில் உரசும்.

லாரிக்காரர்கள் முட்டுக்கொடுத்துவிட்டுப் போட்டுப்போன கல் ஒன்று ஓரமாகக் கிடந்தது. தூக்கிக்கொண்டு இறங்கினான். வேன் தகரத்துக்கு அந்தப்பக்கம் வெடிப்பெட்டிகள்; மூச்சுவிடக்கூடப் பயந்து, பின்சக்கரத்துக்குப் பின்னால் கல்லை அண்டக் கொடுத்தான்.

"காலை மெல்ல எடு புள்ள."

வண்டி முனகிச் சாய்ந்து நின்றது. இறங்கிய மாரிச்செல்விக்குக் கால் நிற்கவில்லை. அவன் கையை நீட்டினான்.

"ஒருதடவகூடத் திரும்பாம எம்புட்டு வேகமா ஓடுனீக," என்றாள்.

பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்தாள்.