இறங்காத கைகள்

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில், ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில் உயர்ந்த முப்பத்தெட்டு வலது கைகள் அதன்பின் இறங்கவில்லை. வரலாறும் குடிமையியலும் நடத்தும் டீச்சர் அன்று நகர்மன்றத் தேர்தல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் என்று வாசித்து, 'ஐந்து' என்பதன் கீழ் கோடு போடச் சொன்னார். பிளம்பரின் மகள் கையைத் தூக்கினாள்.

"நான் பொறந்ததுல இருந்து ஒரு தேர்தலும் நடக்கலையே, ஏன் டீச்சர்?"

"அதெல்லாம் பரீட்சைக்கு வராது. கையைக் கீழ போடு."

அவள் போட்டுப் பார்த்தாள். கை கீழே வரவில்லை. சிரித்த பக்கத்துப் பெண்ணும் அதையே கேட்கக் கை தூக்கினாள். மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுவதும் அப்படியே நின்றது. பிள்ளைகள் இடது கையால் சாப்பிட்டார்கள். அம்மாக்கள் சட்டைகளின் தோள் தையலைப் பிரித்து மாற்றித் தைத்தார்கள். பஸ்ஸில் கம்பி பிடிக்க வசதிதான் என்று முதல் வாரம் கேலி பேசிய அப்பாக்கள் இரண்டாம் வாரம் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். எலும்பில் கோளாறு இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பதினைந்து வருடமாக நாற்காலியை விடாத நகர்மன்றத் தலைவர்தான் பள்ளிக் குழுவுக்கும் தலைவர். அவர் அனுப்பிய தாளைத் தலைமையாசிரியர் டீச்சரிடம் நீட்டினார். வகுப்பில் யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை, உடற்பயிற்சியில் சுளுக்கு என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லை.

டீச்சர் அதை ஆசிரியர் அறையில் நின்றபடியே படித்தார். தலைவர் மேல் வந்த கோபம் பெரிதில்லை. பரீட்சைக்கு வராது என்று பதினெட்டு வருடமாகச் சொல்லிவந்த தன் வாயை நினைத்துத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்க் கரும்பலகையில் எழுதினார்: 'தேர்தல் நடத்தினால் தலைவர் தோற்றுவிடுவார்.' பிள்ளைகள் இடது கையால் எழுதிக்கொண்டார்கள். ஒரு கையும் இறங்கவில்லை.

"இது எங்களுக்கே தெரியும் டீச்சர்," என்றாள் பிளம்பரின் மகள். "அவரு சொல்லணும்."

டீச்சர் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு நகர்மன்றத்துக்குப் போனார். முற்றத்தில் நின்று மாடியில் தலைவர் அறை ஜன்னலைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். அவர் கையும் மேலே போய் நின்றுவிட்டது. விரட்ட வந்த வாட்ச்மேன், என்ன விஷயம் என்று விசாரித்தார். கேட்டு முடித்தபோது அவர் கையும் மேலே இருந்தது. தலைவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

நான்கு வருடத்தில் ஊரில் பாதிப் பேருக்கு அப்படி ஆனது. கைகள் இறங்க ஒரு வரிப் பதில் போதும். நகர்மன்றமோ விரல் இடிக்கிறது என்ற புகாரை மட்டும் ஏற்று, ஊரிலுள்ள எல்லா வாசல் நிலைகளையும் ஒன்றரை அடி உயர்த்தத் தீர்மானம் போட்டது. தச்சர் பள்ளி, வங்கி, தபால் நிலையம் எல்லாம் முடித்து, கடைசியாக டீச்சர் வீட்டுக்கு வந்தார். வேலை போனபின் டீச்சர் முன்னறையில் அதே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார். தச்சர் அவரை வாசலில் நிறுத்தி அளவு நாடாவை இழுத்தார்.

"விரலை மடக்காதீங்க டீச்சர்."

டீச்சர் மடக்கவில்லை.