முப்பதுக்குப் பின் இருபது

காமாலை வந்தால் கண் மஞ்சளாகும் என்பார்கள். எனக்குக் கழுத்தும் மஞ்சளாகிவிடும் போலிருந்தது, தாலிக் கயிற்றால்.

1967ஆம் வருடம். நான், சிவகாமசுந்தரி, கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. கம்ப்யூட்டர் பாடம் எடுத்த இரண்டே பெண்களில் ஒருத்தி. காமாலையோடு எங்கள் ஊரான காஜா பேராங்குக்குத் திரும்பிய நாள் முதல் உப்பில்லாக் கஞ்சி, கீழாநெல்லிச் சாறு, சாத்திய கதவு. காற்றுப் பட்டால் ஆகாது என்று அம்மா ஜன்னலுக்கும் தாழ் போட்டுவிட்டாள்.

விரிவுரையாளர் ஒரு சலுகை தந்திருந்தார். புரோகிராமைத் தாளில் எழுதித் தபாலில் அனுப்பலாம். அங்கே வரிக்கு ஓர் அட்டையாகத் துளை போட்டு, அட்டைக் கட்டை மெஷினுக்குக் கொடுப்பார்கள். மூன்றே வாய்ப்பு. அதற்குள் சரியான விடை வராவிட்டால் அந்த ஆண்டு போச்சு.

முதல் தடவை நான் ஒரு கமாவை விட்டுவிட்டேன். மெஷின் புரோகிராமைத் தொடவே இல்லை. இரண்டாம் தடவை ஒரு துண்டுச் சீட்டு மட்டும் வந்தது. புரோகிராம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததாம், அவர்களே நிறுத்திவிட்டார்களாம்.

அண்ணன் சேதுபதி அரசாங்க அலுவலகத்தில் கிராணி, எழுத்து வேலை. அப்பா போனபின் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். சீட்டைப் படித்துவிட்டுச் சொன்னார்:

“இன்னொரு தடவ பாரு. அதுவும் சரியா வரலன்னா படிப்ப விட்ரு. ராஜரத்தினம் வீட்டுக்குச் சரின்னு சொல்லிடுறேன்.”

ராஜரத்தினம், பத்து பெரெண்டாம் என்ற ஊரில் எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை. நல்லவராகவே இருக்கட்டும், எனக்கென்ன? எனக்குப் பயமாக இருந்தது. அந்த அறைக்குள் நானும் நிற்க வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கணக்கு என்னவோ பள்ளிப்பிள்ளைக் கணக்குதான். ஒன்று முதல் நூறு வரை ஒவ்வோர் எண்ணையும் அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டவேண்டும். பத்தாம் எண் வரி கூட்டும். இருபதாம் எண் வரி, நூறைத் தாண்டியாயிற்றா என்று பார்த்து, இல்லையென்றால் பத்துக்கே திருப்பி அனுப்பும். நடுவில் அடுத்த எண்ணுக்குப் போகச் சொல்லும் வரியை முதலில் மறந்து, பிறகு செருகினேன். அதற்கு முப்பது என்று எண் கொடுத்தேன். ஆக, இரண்டாம் தடவை அனுப்பக் கொடுத்த தாளில் பத்து, முப்பது, இருபது என்று இருந்தது. அது தவறில்லை. மெஷின் அட்டைகள் இருக்கும் வரிசையில்தான் போகும், அந்த எண் வரியின் பெயர், அவ்வளவுதான். சின்னத்தம்பி என்று பெயர் கொண்டவன் வீட்டுக்கு மூத்தவனாக இருப்பதில்லையா?

அம்மாவின் அஞ்சறைப்பெட்டியைக் காலி செய்து, ஓர் அறையில் எண், இன்னோர் அறையில் கூட்டுத்தொகை என்று புளியங்கொட்டைகளைப் போட்டு, நூறுக்குப் பதில் ஐந்து வரை நடத்திப் பார்த்தேன். ஐம்பத்தைந்து கொட்டைகள் சேர்ந்ததும் ஒழுங்காக நின்றது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் நின்றது. கடுகும் மிளகும் கலந்துபோனதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் அதையே மறுபடி பென்சிலில் எழுதி, தபாலில் சேர்க்க அண்ணனிடம் கொடுத்தேன்.

மறுநாள் செவ்வாய். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் என் பென்சில் தாளை மேசைமேல் வைத்தார்.

“இத ஏன் கொண்டு வந்தீங்கண்ணா? அனுப்பலியா?”

“காலையிலயே அனுப்பியாச்சு லா. ஒன் கிறுக்கல யாரு படிப்பா? எப்பவும்போல மையில நல்லா எழுதித்தான் அனுப்பினேன். நம்பர் வேற முன்னபின்ன கெடந்துச்சு. அதையும் வரிசையாப் போட்டுட்டேன்.”

தாளை எடுத்து, அவர் போட்ட வரிசையை மனத்துக்குள் ஓட்டினேன். பத்து, இருபது, முப்பது. எண் மாறுவதற்கு முன்பே பார்க்கும் வரி வந்துவிடும். பார்த்தவுடன் திருப்பி அனுப்பும். ஒன்று ஒன்றாகவே இருக்கும். உலகம் அழியும்வரை சுற்றும். போன தடவையும் இப்படித்தான் சுற்றியிருக்கும்.

அண்ணன்மேல் வந்த கோபத்தில் அழக்கூட முடியவில்லை. கெடுக்க நினைத்துச் செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அஞ்சறைப்பெட்டியை இழுத்து, அவர் வரிசைப்படியே நடத்திக் காட்டினேன். கொட்டைகள் பெட்டி நிரம்பி மேசையில் வழிந்தன. எண் அறையில் மட்டும் ஒற்றைக் கொட்டை.

அவர் சோற்றில் கை வைக்கவில்லை. தபாலைத் திரும்பக் கேட்டால் தரமாட்டார்கள் என்றார். அட்டைகள் தனித்தனிதானே, ஒன்றை இடம் மாற்றினால் போதும், வியாழக்கிழமைதான் மெஷினில் போடுவார்கள், அதற்குள் தந்தி கொடுத்துவிடலாம் என்றேன். சைக்கிளை எடுத்தார். அம்மா தடுக்கத் தடுக்க நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். ஒரு மாதத்துக்குப் பிறகு என்மேல் வெயில் பட்டது.

தபாலாபீஸில் தந்தித் தாளில் நான் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதினார். முப்பதாம் எண் அட்டையை இருபதாம் எண் அட்டைக்கு முன்னால் வைக்கவும். கவுண்டரில் இருந்த ஷரீஃபுதீன், அண்ணனுக்குப் பழக்கமானவர். படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

“என்ன கிராணி, முப்பது எப்படி முன்னுக்கு வரும்? மாத்திப் போட்டுடவா?”

அண்ணன் அவசரமாகக் கையை நீட்டித் தாளை மூடிக்கொண்டார்.

“வேணாம். உள்ளபடியே அனுப்புங்க. எனக்கு இது புரியாது. அவளுக்குத் தெரியும்.”