நிமிர்ந்த பயிருக்கு நிவாரணம் இல்லை

மாசி மாதத்தில் யாரும் கூப்பிடாமல் வந்த மழை, கல்லிடைக்குறிச்சிக்கு மேற்கே அன்னத்தாயின் ஒரு ஏக்கர் பிசானப் பருவ நெல்லைப் பாய் விரித்த மாதிரி படுக்கவைத்துவிட்டுப் போனது. அறுப்புக்குப் பத்தே நாள்தான் இருந்தது. அன்னத்தாய் தலையில் கைவைத்து உட்காருகிற ஆள் இல்லை. மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். நாலு நாலு தூராகச் சேர்த்துத் தூக்கி, தாளாலேயே கட்டி நிறுத்தினாள். மூன்று நாளில் இடுப்பு விட்டுப்போனது. பயிர் எழுந்து நின்றது. அடுத்த நடவுக்கு விதைநெல்லும் அதில்தான் எடுக்க வேண்டும். கடையில் விதை வாங்கி அவளுக்குப் பழக்கமில்லை.

பக்கத்து வயல் நாறும்பூநாதனுடையது. அம்பாசமுத்திரத்தில் கடை வைத்திருக்கிறவர். வரப்பில் நின்று நாலு முறை உச்சுக்கொட்டிவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் மகேஷ் வந்தான். பயிர்ச்சேதம் கணக்கெடுக்க அரசாங்கம் போனும் கையுமாக அனுப்பிய பிள்ளை. நாறும்பூநாதன் வயலைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அருமையான சேதம் அண்ணாச்சி! படத்துல அவ்வளவு தெளிவா விழுது."

பிள்ளை முதல் மார்க் வாங்கிய தகப்பனைப் போல நாறும்பூநாதன் நெளிந்தார். மகேஷ் அடுத்த வரப்புக்கு வந்தான். மலர்ந்த முகம் சுருங்கியது.

"என்னக்கா, பயிரு நிக்குதே?"

"நாந்தான் நிப்பாட்டுனேன் தம்பி. பாதி மணி சேத்துல கொட்டிட்டு. மிச்சத்தையாவது காப்பாத்தணும்லா?"

"அங்கனதான் தப்புப் பண்ணிட்டீய. நின்னுச்சுன்னா சேதமில்லைன்னு போனு சொல்லிரும். நிவாரணம் வராது."

"உழைச்சதுக்குத் தண்டனையா?"

மகேஷ் தலையைச் சொறிந்தான். பாவம், நல்ல பையன்தான். நல்ல பையன்கள் சொல்லும் யோசனைகளே ஆளைக் கவிழ்க்கின்றன. "ஒண்ணு செய்வோம். கட்டைப் பைய அவுத்து விட்டிருங்க. நாளைக்கு வந்து ஒரு படம் எடுத்துக்கிடுதேன். பொறவு திரும்பக் கட்டிக்கிடுங்க."

நிவாரணம் வந்தால் உழவுக்கும் உரத்துக்கும் ஆகும். அன்னத்தாய்க்கு ஆசை வந்துவிட்டது. மறுநாள் அதே மூன்று பெண்களைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொன்னாள்.

"உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றாள் ஒருத்தி.

"எனக்கில்ல, போனுக்கு" என்றாள் அன்னத்தாய்.

மத்தியானத்துக்குள் பயிர் மறுபடியும் தண்ணீரில் படுத்துவிட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையை எழுப்பி உட்காரவைத்துவிட்டு, தானே தள்ளிவிட்டதுபோல இருந்தது அவளுக்கு.

அன்றைக்கு மகேஷ் வரவில்லை. கூப்பிட்டால், "சர்வர் படுத்துட்டு அக்கா" என்றான். அடுத்த நாள் மீட்டிங். அதற்கடுத்த நாள் "இந்தா வந்துக்கிட்டே இருக்கேன்" என்றான். வந்துவிடுவான் என்றே அவளும் கட்டாமல் காத்திருந்தாள்.

நாலாம் நாள் மூச்சிரைக்க ஓடிவந்தவன் வயலைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"ஐயோ அக்கா, அவுத்துட்டீயளா! நேத்து புது உத்தரவு வந்திருக்கு. சாஞ்ச பயிரைத் தூக்கிக் கட்டுனவங்களுக்குத்தான் பணம். முன்னோடி விவசாயியாம். உங்களைத்தான் நெனச்சுக்கிட்டு ஓடியாந்தேன்."

"அப்பம் நாறும்பூநாதன் அண்ணாச்சிக்கு?"

"அவருது அன்னைக்கே ஏறிட்டு. பணம் வந்துரும். நீங்க இப்பம் கொஞ்சம் திரும்பக் கட்டுனீயன்னா..."

அன்னத்தாய் குனிந்து ஒரு தூரைப் பிடுங்கி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். கதிர் முழுக்கப் பச்சை முளை விட்டிருந்தது.

"என் விதைநெல்லு தம்பி. இனி விதைக்கும் ஆகாது, சோத்துக்கும் ஆகாது. இதைப் படம் புடிங்க. இது நின்ன பயிரா, சாஞ்ச பயிரா? உங்க போனு என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

மகேஷ் நிஜமாகவே படம் எடுத்தான். போனில் இருந்த சேத வகைப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். கடைசியில், வேறு வழியில்லாமல், 'மற்றவை' என்பதைத் தொட்டான்.

'மற்றவை'க்கு நிவாரணம் இல்லை என்று போன் சொன்னது. அதைச் சொல்வதற்கு மட்டும் சர்வர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.