முனியம்மாள் கேட்காத சேதி

முனியம்மாளுக்குக் கொத்தவரங்காய் என்றாலே ஆகாது. பறிக்கும்போது சுணை பட்டு முழங்கை வரைக்கும் அரிக்கும், ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு கிடக்க வேண்டும். அப்படிப்பட்டவள் தொண்ணூற்றொன்றாம் வருஷம் தை மாசக் கடைசியில் கொல்லை முழுக்கக் கொத்தவரையை ஊன்றித் தள்ளினாள். கத்திரி இல்லை, வெண்டை இல்லை, ஒரு பச்சைமிளகாய்ச் செடிக்குக்கூட இடம் விடவில்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன, பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தவிக்கிறவளுக்குத்தானே தெரியும்.

அவளுக்கு ஒரே பெண், மதிவதனி. புருஷன் போன பிறகு ஒண்டியாக வளர்த்து மறைமலை நகரில் கட்டிக்கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை ஜெகதீஷுக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவனுடைய அம்மா கோவிந்தம்மா கம்பெனிப் பையன்களுக்குச் சோறு போடும் மெஸ் நடத்தினாள். கல்யாணச் சீரோடு முனியம்மாள் அனுப்பிய வற்றல் மூட்டையில் ஈரம் இருந்து பூசணம் பூத்துவிட்டது. அதைப் பார்க்காமல் வறுத்துப் பரிமாறியதில் ஒரு பந்தியே எழுந்து போயிற்றாம். அன்றைக்கு வந்த கோபம் கோவிந்தம்மாவுக்கு இறங்கவே இல்லை. சம்பந்தி வந்தால் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பினாள்.

மதி உண்டாகி ஐந்து மாசம் ஆனபோது முனியம்மாள் அந்த வாசலில் போய் நின்றாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே, அனுப்பிவையுங்கள் என்று கேட்டாள். அழுதும் பார்த்தாள்.

"உங்க வூட்ல ஆம்பள இல்ல. அவசரம்னா ஒரு வண்டி கெடையாது. இன்னாத்த நம்பி அனுப்பறது?" என்றாள் கோவிந்தம்மா. அப்புறம் என்ன தோன்றியதோ, "கோடைக்கு ரெண்டு மூட்ட கொத்தவர வத்தல் போட்டு எடுத்துக்கினு வா. நல்லா காஞ்சதா இருக்கணும். ஒம்பதாம் மாசம் அனுப்பறதப் பத்தி அப்ப பாக்கலாம்" என்றாள்.

உள்ளே கதவோரம் நின்றிருந்த மதி, வயிற்றில் கை வைத்தபடி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் அந்தப் 'பாக்கலாம்' என்ற ஒரு சொல்லையும் பிடித்துக்கொண்டு முனியம்மாள் பஸ் ஏறினாள். விதை கொத்தவரைதான் என்று ஓரகடம் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

சித்திரையில் காய்த்தது பாருங்கள், அப்படிக் காய்த்தது. ஒவ்வொரு செடியிலும் கொத்துக் கொத்தாய், அடியிலிருந்து நுனி வரைக்கும். இன்றைக்குப் பறிக்காவிட்டால் நாளைக்கு முற்றி நாராகிவிடும். முனியம்மாள் விடியலில் கூடையோடு இறங்கினால் வெயில் ஏறும் வரைக்கும் பறித்தாள். காம்பு கிள்ளி, அண்டாவில் உப்பும் மஞ்சளும் போட்டு அரை வேக்காடு வேகவைத்து, வடித்து, புளித்த மோரில் ஊறவைத்து, வாசல் முழுக்கப் பாயும் பழம்புடவையும் விரித்துக் காயப்போட்டாள். மோர் பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் கொடுத்தது. ரெண்டு கறவை மாடு வைத்திருக்கிற மகராசி அவள், மோரும் கொடுத்து வேலைக்கும் வந்து நின்றாள். சாயங்காலம் அள்ளித் திரும்ப மோரில் போடுவார்கள். காலையில் திரும்ப வெயிலில் காய்ச்சல். கையில் எடுத்து ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும், அதுவரைக்கும் விடமாட்டேன் என்று நின்றாள் முனியம்மாள். போன தடவை பட்டது போதாதா.

இதற்கு நடுவில் ஒரு பயம். வல்லத்தில் அவள் புருஷனின் சித்தப்பா கோதண்டம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். தண்ணீர்கூட இறங்கவில்லை என்று சேதி வந்திருந்தது. பங்காளி வீட்டுச் சாவு. அவர் கண்ணை மூடினால் பதினாறாம் நாள் கருமாதி வரைக்கும் தீட்டு. தீட்டு வீட்டில் போட்ட வற்றலைக் கோவிந்தம்மா தெருவில் கொட்டிவிடுவாள், பிள்ளைத்தாச்சி முகத்தில் முழிக்கவும் விடமாட்டாள். அதற்குள் ஒன்பதாம் மாசமும் வந்து போய்விடும்.

"கெழவன் எப்ப போவணும்னு நெனைக்கிறாரோ" என்று கிளியம்மாள் பெருமூச்சு விட்டாள்.

"போவட்டும், யாரு வேணான்னா. நாலு நாள் கழிச்சுப் போவட்டும்" என்றாள் முனியம்மாள். சொன்ன பிறகு வாயில் அடித்துக்கொண்டாள். ஆனால் மனசு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. சேதி காதில் விழுந்தால்தானே தீட்டு? ஊரில் அப்படித்தானே சொல்கிறார்கள், தூரதேசத்தில் இருக்கிறவனுக்குக் கேட்ட நாளிலிருந்துதானே கணக்கு? அப்படியானால் கேட்காமல் இருந்துவிட்டால் போயிற்று.

சேதி சொல்கிறவன் சின்னப்பையன். பெயர்தான் சின்னப்பையன், தலை பாதி நரைத்துவிட்டது. வல்லம் கூட்டுரோட்டு அரிசி மில்லில் மூட்டை தைக்கிறவன். சுற்றுவட்டாரத்துக்கே அந்த மில்லில்தான் போன் இருந்தது. நல்லதோ கெட்டதோ, போனில் வந்ததையும் வல்லத்துக்காரர்கள் சொல்லச் சொன்னதையும் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் அவன்தான். நல்லது எங்கே வந்தது, முக்கால்வாசி சாவுதான். அவன் சைக்கிள் தெருவில் திரும்பினால் பெண்கள் அடுப்பை விட்டு எழுந்து வந்து பார்ப்பார்கள், யார் வீட்டில் நிற்கிறது என்று.

அது முனியம்மாள் வீட்டு முன்னால் வந்து நின்றது. ரெண்டாம் காய்ச்சல் நடந்துகொண்டிருந்த நாள். கூரைச் சந்து வழியாக அவள் அவனைப் பார்த்துவிட்டாள். பின்பக்கமாக ஓடிக் கொத்தவரைச் செடிகளுக்குள் உட்கார்ந்துகொண்டாள். அவன் கூப்பிட்டுப் பார்த்தான், மணி அடித்துப் பார்த்தான், போய்விட்டான்.

மத்தியானம் திரும்ப வந்தான். இந்தத் தடவை கிளியம்மாள் போய் நின்று, "காஞ்சிபுரம் போயிருக்குதுய்யா, வர நாழியாவும்" என்றாள்.

"அவசரம்மா. எங்க போயிருக்குது, யாரு வூட்டுக்கு?"

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத. வந்தா அது உன்னைப் பாக்கும்" என்று வேகமாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் சேதியைக் கேட்டுவிடுவோமோ என்று பயம்தான்.

மறுநாள் காலையில் முனியம்மாள் தப்பிக்க முடியவில்லை. வாசலில் குனிந்து வற்றலைப் புரட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தால் எதிரே சைக்கிளோடு நிற்கிறான். சட்டை வேர்வையில் ஒட்டிக் கிடந்தது.

"உன்னத்தாம்மா நேத்திலேந்து தேடிக்கினு இருக்கறேன்—"

"சொல்லாத, சின்னப்பையா." மோர்க் கையை நீட்டி அவனைத் தடுத்தாள். "நீ வாயத் தொறக்காத. எனக்கு எல்லாம் தெரியும்."

அவன் அவளைப் பார்த்தான். பாயைப் பார்த்தான். "தெரியுமா? தெரிஞ்சுமா இங்க குந்திக்கினு வத்தல் போட்டுக்கினு கீற?"

"தெரிஞ்சுதான். இது காயணும். நாளான்னிக்கு வரேன்னு சொல்லிடு."

"நாளான்னிக்கா?"

"போய்யா. போய் அப்டியே சொல்லு."

அவன் சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே போனான், போகும்போது ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தான். கிழவன் சாவுக்கு இவன் ஏன் இந்தப் பார்வை பார்க்கிறான் என்று அவளுக்கு ஒரு கணம் உறுத்தியது. வல்லம் பக்கமிருந்து மேளச்சத்தம் கேட்கவில்லையே என்றும் தோன்றியது. காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது, எங்கே கேட்கும் என்று தன்னையே அதட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். நேரத்தோடு மூட்டை கட்டுவதை விட்டுவிட்டு நினைத்துக்கொண்டு உட்கார முடியுமா என்ன.

வற்றல் சடக்கென்று ஒடிந்த அன்றைக்கு, ரெண்டு மூட்டையையும் தைத்து, தலைக்குக் குளித்து, பஸ் ஏறினாள். முதலில் பெண்ணைப் பார்ப்பது, கேட்பது, கூட்டிக்கொண்டு வருவது. திரும்பும்போது வல்லத்தில் இறங்கித் தெரிந்தமாதிரி அழுதுகொள்ளலாம். இப்படி ஒரு பாவத்தைச் செய்கிறோமே என்று இருந்தது. மதி நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கட்டும், பாவத்தை நான் சுமக்கிறேன் என்று சாமிக்குச் சொன்னாள்.

பஸ் வல்லத்தில் நின்றது. கோதண்டத்தின் வீடு ரோட்டோரத்தில்தான். தலையை முக்காட்டில் மறைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். வாசலில் பந்தல் இல்லை. வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் கோதண்டம் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மருமகள் பக்கத்தில் நின்று விசிறினாள்.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடப்பாவி மனுஷா, உனக்குப் பயந்தா நான் செடிக்குள் ஒளிந்தேன். தீட்டும் இல்லை, பாவமும் இல்லை. பஸ் நகர்ந்தது. மில்லைத் தாண்டியது. அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. கிழவர் சாகவில்லை என்றால் சின்னப்பையன் எதைச் சொல்ல வந்தான்? மூன்று தடவை எதற்கு வந்தான்?

மில்லில் போன் இருந்தது. மறைமலை நகரிலிருந்தும் அதில்தான் கூப்பிடுவார்கள்.

"நிறுத்துய்யா, எறங்கணும்" என்று எழுந்தாள். எழுந்தவள், வேண்டாம், நேராகப் போ என்று உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். முனியம்மாள் சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் இருக்காது, ஒன்றும் இருக்காது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பஸ் ஆமை மாதிரி ஊர்ந்தது.

அங்கே ஆட்டோ பிடித்து வந்து இறங்கினால், மெஸ் பூட்டிக் கிடந்தது. பக்கத்து வாசல் திறந்திருந்தது. ஆட்டோக்காரன் மூட்டைகளை இறக்கிவைத்த சத்தத்தில் கோவிந்தம்மா வெளியே வந்தாள். தலை வாரவில்லை. அவள் சண்டை போடுவாள் என்று முனியம்மாள் எதிர்பார்த்தாள், போட்டால் தேவலை என்றும் இருந்தது.

"நான் பேசுனது தப்புன்னே வெச்சுக்க" என்றாள் கோவிந்தம்மா. "அந்தக் கோவத்த பொண்ணு மேலயா காட்டுவ? எட்டாம் மாசத்துலயே வலி கண்டுச்சு. அம்மா வரட்டும், அம்மா வரட்டும்னு அவ கத்தினா. ஜெகதீஷு மில்லுக்கு எத்தினி வாட்டி போன் போட்டான் தெரியுமா?"

"கொழந்த?"

கோவிந்தம்மா தலையை ஆட்டினாள். "ஆம்பளப் புள்ள. ஒரு நாள்தான் இருந்துச்சு."

முனியம்மாள் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எப்படி எழுந்து உள்ளே போனாள் என்று அவளுக்கே தெரியாது. மதி தரையில் பாயில் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அன்றைக்குக் காலையில்தான் கூட்டி வந்திருந்தார்கள். வயிறு வடிந்து, முகம் சின்னதாகப் போயிருந்தது.

"தெரியும்னு சொன்னியாமே" என்றாள் மதி.

"இல்லடி. ஐயோ, இல்லடி கண்ணு—"

"தெரியும், நாளான்னிக்கு வரேன்னு சொன்னியாம். சின்னப்பையன் மாமா போன்ல சொல்லிச்சாம். இவரு வந்து எங்கிட்ட சொன்னாரு. அப்ப அது மூச்சு விட்டுக்கினுதான் இருந்துச்சு."

முனியம்மாள் எல்லாவற்றையும் கொட்டினாள். கிழவர், தீட்டு, செடிக்குள் ஒளிந்தது, சின்னப்பையனைப் பேசவிடாமல் தடுத்தது, உன்னைக் கூட்டிக்கொண்டு போகத்தானேடி என்று. சொல்லச் சொல்ல அது ஒரு காரணமாகவே இல்லாமல் போயிற்று. மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மதி அழவில்லை, கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

"அது கண்ணு தெறந்து பாத்துச்சும்மா" என்றாள். "உன் ஆயா வருது, இரு, இருன்னு சொல்லிக்கினே இருந்தேன்."

கோவிந்தம்மா நிலைப்படியில் வந்து நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீயே கூட்டிக்கினு போ சம்பந்தி. ஒரு மாசம் உங்கூட வெச்சு ஒடம்பத் தேத்து. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

எத்தனை மாசமாகக் காத்துக் கிடந்த வார்த்தை அது. முனியம்மாள் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுந்திருடி. வா, நம்ம வூட்டுக்குப் போவலாம்" என்றாள்.

மதி கையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"நான் வரல. நீ போ" என்றாள்.