புனிதாவின் வலது பக்கம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜெராக்ஸ் மெஷினின் மூடிக்கு அடியில் கிடைத்தது. நானாக யோசித்ததில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வியாழக்கிழமை காலை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள கடைக்கு ஆதார் அட்டையை நகலெடுக்கப் போனேன். மூடியைத் தூக்கினால், யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு தாள். கோடு போட்டு வரைந்த மைதானம், நான்கு வட்டங்கள், மூன்று முக்கோணங்கள், நிறைய அம்புக்குறிகள். மேலே தலைப்பு: 'ஞாயிறு. விழுப்புரம் டிஃபென்ஸ். நாம எப்படி உடைக்கிறது?'

கீழே எட்டு வரிகள். ஏழாவது வரியை யாரோ பேனாவால் அழுத்தி அடித்திருந்தார்கள். ஆனாலும் படிக்க முடிந்தது: 'புனிதா வலது பக்கம் திரும்ப மூணு அடி எடுப்பா.'

எட்டாவது வரி வேறு மையில் இருந்தது: 'புனிதா வலது பக்கம் திரும்ப ரெண்டு அடி எடுப்பா.'

அடித்த வரியையே மறுபடி எழுதியிருக்கிறார்கள். நடுவில் மூன்று, இரண்டாகியிருக்கிறது. அந்த இரண்டு வரிகளுக்கு இடையில் என்ன நடந்தது?

அதற்குள் ஒரு பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "சார், அது என் பேப்பரு."

கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது கேட்டும்விட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க விழுப்புரம் ஆளா?"

"இல்லம்மா. கதை எழுதறவன்."

"அப்போ நாளைக்கி சாயங்காலம் ஸ்கூல் கிரவுண்டுக்கு வாங்க. ஞாயித்துக்கெழம நாலு மணி வரைக்கும் வெளிய விடக்கூடாது."

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

'விழுப்புரத்தின் வானம் அன்று மேகங்களால்' (வானத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

'கால்பந்தும் வாழ்க்கையைப் போலத்தான், சில சமயம்' (சத்தியமாக வேண்டாம்.)

'ஜெசிந்தாவுக்கு வயது இருபத்தொன்பது.' இது நிற்கும். இதிலிருந்தே போவோம்.

ஜெசிந்தாவுக்கு வயது இருபத்தொன்பது. கண்டமங்கலத்துப் பக்கம், அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த வீட்டுப் பெண். இப்போது திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மாலையில் திண்டிவனம் பெண்கள் கால்பந்து அணிக்கு உதவிப் பயிற்சியாளர். ஞாயிற்றுக்கிழமை மாவட்ட இறுதி ஆட்டம், எதிரே விழுப்புரம். ஜெயிக்கிற அணிதான் மாநிலப் போட்டிக்குப் போகும். திண்டிவனம் இதுவரை ஒரு முறையும் போனதில்லை.

பயிற்சியாளர் சவுரிராயன் பகலில் மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறி இறங்குகிற மனிதருக்கு எதிரணியின் வீடியோவை உட்கார்ந்து பார்க்க நேரமில்லை. ஜெசிந்தாவிடம் ஒரே ஒரு வேலை சொன்னார்: "அவங்க டிஃபென்ஸ பாத்து ஒரு பக்கம் எழுதிக் குடும்மா. நம்ம பொண்ணுங்க எங்க பூந்து போவணும்னு எனக்குத் தெரியணும்."

அவளிடம் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஜெசிந்தா ஆறு வருடம் அதே விழுப்புரம் அணியில், அதே டிஃபென்ஸில் ஆடியவள். அவளுக்குப் பக்கத்தில், கோலுக்கு முன்னால் நடுவில் நின்றவள் புனிதா.

3

(இங்கே கொஞ்சம் ஆட்டத்தைச் சொல்லியாக வேண்டும். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

விழுப்புரம் இந்த வருடம் ஆறு ஆட்டங்களில் வாங்கியது இரண்டே கோல். நான்கு பேர் ஒரே வரிசையாக நிற்பார்கள். அதில் வலது ஓரத்தில் ஆடும் தனம் சும்மா நிற்கமாட்டாள். பந்து கிடைத்தால் எதிரணி கோல் வரைக்கும் ஏறிப் போய்விடுவாள். அவள் விட்டுப் போன இடம் காலியாகக் கிடக்கும். ஓட்டைதான். ஆனால் அந்த ஓட்டைக்குக் காவல் புனிதா. பந்து அங்கே விழுந்தால் அவள் வலது பக்கம் திரும்பி ஓடி வந்து எடுத்துவிடுவாள்.

ஜெசிந்தா ஆறு வீடியோவையும் பார்த்தாள். ஒரு அணிகூட அந்தப் பக்கம் பந்தைப் போடவில்லை. புனிதா என்ற பெயருக்கே பயந்து எல்லோரும் மறுபக்கமாகவே போய் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு மட்டும் வேறொன்று தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன், மழை விட்ட மறுநாள் பயிற்சியில் புனிதாவின் இடது முட்டி திரும்பிக்கொண்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அவளைத் தாங்கிக்கொண்டு போனது ஜெசிந்தாதான். ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, இனி ஆட்டத்தை மறந்துவிடு என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் புனிதா அவள் கையைத் தன் தலையில் எடுத்து வைத்து, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். மஞ்சள் காமாலை என்று சொல்லி நாலு மாதம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி களத்துக்கு வந்தாள். வலது பக்கம் திரும்ப இடது காலை ஊன்றி உந்த வேண்டும். அது முடியாமல், மற்றவர்கள் ஒரே அடியில் திரும்பும் இடத்தில் அவள் மூன்று சின்ன அடிகள் வைத்தாள். பக்கத்தில் நின்றவளுக்கு மட்டும் அது தெரிந்தது.

வேண்டாம், வேண்டாம் என்று ஜெசிந்தா ஓயாமல் சொன்னாள். ஒருநாள் புனிதா, "உனக்குப் பயமா இருந்தா நீ போ" என்றாள். ஜெசிந்தா போய்விட்டாள். திண்டிவனத்தில் வேலை கிடைத்தது. மூன்று வருடமாகப் பேச்சில்லை.

அந்தத் தாளில் ஏழாவது வரியை எழுதியதும் ஜெசிந்தாவின் கை நின்றுவிட்டது. சத்தியத்தைவிட இன்னொன்று அவளை உறுத்தியது. இதை எழுதிக் கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமை தொண்ணூறு நிமிடமும் அந்த முட்டியைத் திருப்பச் சொல்லி ஒரு பெண்ணை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். மீதி ஜவ்வும் போனால்?

வரியை அடித்தாள். ஆறு வரியாகத் தாளைக் கொடுத்தாள். சவுரிராயன் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"இத வீடியோ பாக்கற யாரு வேணா எழுதலாமே. அடிச்சிருக்கற வரி இன்னா?"

"தப்பா எழுதிட்டேன் சார்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. "நாளைக்கி லீவு போட்டுக்கோ. நல்லா யோசிச்சு எடுத்துக்கினு வா" என்றார்.

4

ஜெசிந்தா லீவு போட்டாள். யோசிக்கவில்லை, கண்டாச்சிபுரத்துக்குப் பஸ் ஏறினாள்.

புனிதா அங்கே ஒரு மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டியில் வேலை செய்கிறாள். நிரப்பிய மூட்டைகளின் வாயைக் கோணி ஊசியால் தைப்பது அவள் வேலை. பதினோரு மணி வெயில். மண்டியெல்லாம் மண்வாசனையும் தூசும். வாசலில் நிழல் விழுந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள், ஊசி நிற்கவில்லை.

"இன்னாடி, வேவு பாக்க வந்தியா?"

"ஆமா."

புனிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு ஒரு மூட்டையைக் காலால் தள்ளினாள். ஜெசிந்தா அதன்மேல் உட்கார்ந்தாள்.

'மூன்று வருட மௌனம் அந்த மண்டியில் மெல்ல மெல்ல' (அப்படியெல்லாம் எதுவும் உடையவில்லை. புனிதா ஒரு பிடி மல்லாட்டையை அள்ளி அவள் மடியில் போட்டாள். அவ்வளவுதான்.)

ஜெசிந்தா தாளை எடுத்துக் காட்டினாள். "உன் முட்டி விஷயத்த எழுதிட்டு அடிச்சிட்டேன். கோச் கேக்கறாரு. நான் சொல்லல."

"ஏன் அடிச்ச?"

"நீதான சத்தியம் வாங்குன."

"எங்க கோச்சுகிட்ட சொல்லாதன்னுதான் வாங்குனேன். எதிர்ல ஆடறவங்ககிட்ட சொல்லாதன்னா வாங்குனேன்?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அந்தச் சத்தியமும் இப்போ இல்ல. போன ஆடி மாசம் அதே டாக்டருகிட்ட போயி காமிச்சிட்டு, எங்க கோச்சுகிட்ட நானே எல்லாத்தயும் சொல்லிட்டேன். ஒரு வாரம் திட்டிக்கினு இருந்தாரு."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"மூணு வருசம் நீ இன்னா பண்ணன்னு கேட்டாரு. டெய்லி காலையில செவுத்துல சாஞ்சி உக்காந்து எந்திரிச்சேன், ஒத்தக் கால்ல நின்னேன்னு சொன்னேன். ஆடிக்கோன்னுட்டாரு."

புனிதா எழுந்தாள். பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு சிமெண்டுத் தரையில் இரண்டு எட்டு முன்னால் போனாள். "பாத்துக்கோ." இடது காலை ஊன்றி வலது பக்கம் திரும்பினாள்.

ஜெசிந்தா எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது வரவில்லை.

"ரெண்டா?"

"ரெண்டுதான். ஒண்ணாவ இன்னும் நாளாவும்." புனிதா மறுபடி உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். "மூண ரெண்டாக்க மூணு வருசம் ஆச்சிடி. ஆனா ஒருத்தியும் அந்தப் பக்கம் வரல. நான் உருப்படியா திரும்பறனா இல்லியான்னு எனக்கே தெரியல. நீ பாவம்னு விட்டுட்டா, நான் ஜெயிச்சாலும் அது நீ குடுத்ததா பூடும். எழுது. அந்தப் பக்கமே அனுப்பு."

அவள் குரலில் கோபம் இல்லை. ஜெசிந்தா பையில் தேடிப் பார்த்தாள், பேனா இல்லை. மண்டியில் மூட்டைமேல் எண் போட வைத்திருந்த பச்சைப் பேனாவை வாங்கி, மடியில் தாளை வைத்து, எட்டாவது வரியை எழுதினாள். புனிதா எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டுன்னு நல்லா பெருசா எழுது."

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். ஜெசிந்தாவை ரொம்ப நல்லவளாக்கிவிட்டேனா? இறுதி ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்னால் எதிரணி ஆளைத் தேடிப் போய் யாராவது தன் திட்டத்தைச் சொல்வார்களா?

பள்ளி மைதானத்தில் அவளிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாதி அதுக்குத்தான் சார் போனேன். முட்டி இன்னும் அப்பிடியே இருக்குதான்னு பாக்கறதுக்கு. வேவு பாக்க வந்தியான்னு அவ கேட்டா இல்ல, நான் ஆமான்னு சொன்னேன் இல்ல? பொய் சொல்லல."

"மீதிப் பாதி?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

(ஆகவே அது இந்தக் கதையில் இல்லை.)

6

சவுரிராயன் எட்டாவது வரியை இரண்டு முறை படித்தார். அடித்த வரியையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். புனிதாவே சொன்னது என்று ஜெசிந்தா எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்போ நாம அங்கதான் வருவோம்னு அவளுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"ரெண்டு அடிதான் எடுக்கறான்னா நமக்கு இன்னா மிச்சம்?"

"ஒரு அடி. மத்தவங்க திரும்பறதவிட ஒரு அடி லேட்டு. தனம் மேல ஏறுனதும் பந்து அந்த எடத்துல விழணும். அதுக்குள்ள பானு அங்க இருக்கணும்."

பானுப்ரியா இடது ஓரத்தில் ஓடும் ஃபார்வர்டு. மரக்காணத்தை ஒட்டிய மீனவர் குப்பத்துப் பெண், வயது பத்தொன்பது. (கடற்கரை மணலில் ஓடி ஓடி வேகம் பெற்றவள் என்று முதலில் எழுதியிருந்தேன். "மணல்ல எவன் சார் ஓடுவான், பேஜாரு. நான் ஈசிஆர் ரோட்டு ஓரமாதான் ஓடுவேன்" என்று திருத்தினாள்.) அவள் தாளை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "அந்தக்கா நெஜமாவே வரச் சொல்லிச்சாக்கா?"

"சொல்லிச்சு."

"முட்டிக்கு ஒண்ணும் ஆவாதே?"

"டாக்டரு பாத்திருக்காரு. நீ மேல போய் விழாத. பந்த மட்டும் பாத்து ஓடு."

"ஒரு அடி போதும்க்கா" என்றாள் பானுப்ரியா.

சவுரிராயன் தாளை ஜெசிந்தாவிடமே திருப்பிக் கொடுத்தார். "பதினோரு காப்பி போட்டுக்கினு வா. எல்லாரும் படிக்கட்டும்." அப்படித்தான் ஜெசிந்தா வியாழக்கிழமை காலை ஜெராக்ஸ் கடைக்கு வந்தாள்.

7

சனிக்கிழமை பூராவும் முடிவுகள் எழுதினேன்.

(அ) எண்பதாவது நிமிடம். தனம் ஏறிப் போயிருக்கிறாள். பந்து காலி இடத்தில் விழுகிறது. பானுப்ரியா ஒரு அடி முன்னால். கோல். திண்டிவனம் முதன்முறையாக மாநிலப் போட்டிக்குப் போகிறது. புனிதா போய் ஜெசிந்தாவை (இல்லை, தோற்றவுடன் யாரும் கட்டிப்பிடிக்கமாட்டார்கள்.)

(ஆ) அதே பந்து, அதே இடம். புனிதா ஒன்று, இரண்டு என்று திரும்பி, காலை நீட்டிப் பந்தை வெளியே தள்ளுகிறாள். எழுந்து நிற்கிறாள். முட்டி முட்டியாகவே இருக்கிறது. ஜெசிந்தா தோற்றுக்கொண்டே கை தட்டுகிறாள்.

(இ) டிரா, பெனால்டி, மழை, நடுவர்... (எழுதத் தெரியாதவன் வேலை.)

அ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். எனக்கு இரண்டுமே வேண்டும். இரண்டும் நடக்கக்கூடியவை என்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

8

ஞாயிறு, மூன்று ஐம்பத்தைந்து. விழுப்புரம் மைதானத்தில் கிழக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கேலரி பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. சட்டைப்பையில் மடித்த தாளோடு சவுரிராயன் கோட்டோரமாக நடந்துகொண்டிருக்கிறார். ஜெசிந்தா உட்காரவே இல்லை.

இரண்டு அணியும் இடம் பிடித்துவிட்டன. பானுப்ரியா இடது ஓரம் போய்க் குனிந்து ஷூ லேஸை இறுக்குகிறாள். புனிதா தன் இடத்திலிருந்து அவளைப் பார்க்கிறாள். பிறகு, அவளுக்கு மட்டும் தெரியும்படி, வலது கையை இடுப்பளவில் நீட்டி, விரல்களை மடக்கி இரண்டு முறை அசைக்கிறாள். வா, வா.

ஜெசிந்தா அதைப் பார்த்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள்.

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நாலு மணி. இனி இதை வெளியே விடலாம். நீங்கள் வாசிக்கும்போது ஆட்டம் முடிந்து எத்தனையோ நாள் ஆகியிருக்கும். முடிவு தெரிந்தவர்கள் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் அ-வையோ ஆ-வையோ எடுத்துக்கொள்ளுங்கள், இல்லை நீங்களே ஒன்று எழுதுங்கள்.

விசில் ஊதிவிட்டார். பந்து நகர்கிறது. தனம் இப்போதே ஏறுகிறாள்.

குனிந்து எழுதிக்கொண்டிருந்தால் என்னால் பார்க்க முடியாது. பேனாவை மூடுகிறேன்.