கோட்டைத் தொட்ட கை

இண்டியானா கல்லூரி ஒன்றின் கூடைப்பந்து அரங்கில் ஹாஸ்கெட் உட்கார்ந்திருந்தார். தான் ஆள் தேடித் தரும் தொழில்முறை அணிக்கு எந்த வீரனை எடுப்பது என்று இன்றே அவர் சொல்லியாக வேண்டும்.

கடைசிப் பயிற்சி ஓட்டம். தரையில் போட்டிருக்கும் ஒவ்வொரு கோட்டையும் குனிந்து கையால் தொட்டுத் திரும்ப வேண்டும். நெட்டை கோர்ட்லண்ட் கோடுகளைத் தொடாமல் ஒரு சாண் முன்பே திரும்பி முதலில் வந்தான். ரஷாடின் விரலும் ஒரு கோட்டைத் தவறவிட்டது. அவனோ பாதி வழியிலிருந்து திரும்பிப்போய்த் தொட்டான்.

"டேய், யாருடா பார்த்தா? கடைசியா வர்றியே!" என்று கோர்ட்லண்ட் சிரித்தான்.

"கோடு பார்த்துச்சுடா," என்ற ரஷாட், சிரித்தவனுக்கே தன் தண்ணீரை நீட்டினான்.

ஹாஸ்கெட் ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு அணி மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"என்னய்யா, அந்த நெட்டையன்தானே?"

"இல்ல சார், ரஷாட். என்னை வேலையை விட்டுத் தூக்கினாலும் ரஷாட்தான்."