இடது கை தூக்கியவள்

நாகம்மை டீச்சருக்குப் பொறாமை என்று சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆனால் பக்கத்து வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. மூன்றாம் வகுப்பு 'பி' பிரிவு நந்தனாவுடையது. வேலைக்கு வந்து இரண்டே வருஷம். பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டுப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, கேள்வி கேட்கப் பழக்குகிறாளாம். வீட்டில் கேட்கிற கேள்வி பொறுக்காமல்தானே பெற்றவர்கள் இங்கே அனுப்புகிறார்கள்! 'ஏ' பிரிவில் இருபத்திரண்டு வருஷம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவளை விட்டுவிட்டு, இரணியல் பக்கத்துத் தாய்மார் எல்லாம் 'பி' பிரிவு கேட்டு ஹெட்மாஸ்டரிடம் நின்றதில் வயிறு எரிந்தது.

இப்போது கல்வி அலுவலர் தேவகுமார் இரண்டு வகுப்பையும் பார்க்க வருகிறார். புதுக் கற்பித்தல் முறையை மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். அது நந்தனாவானால், நாகம்மை அவள் முன்னால் நோட்டும் பேனாவுமாக உட்கார வேண்டும். அதைவிட மார்த்தாண்டத்தில் ஏதாவது ஜவுளிக்கடையில் சேலை மடித்துப் பிழைக்கலாம்.

ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தாள். கேள்வி கேட்டதும் எல்லாரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. நாலு நாள் பயிற்சி நடந்தது.

அலுவலர் வந்த அன்று நாகம்மை கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் வகுப்பே கை தூக்கியது. வலது கையாகப் பார்த்து எழுப்பினாள். பதில்கள் முத்து முத்தாக வந்தன. அலுவலர் அசந்துபோனார். வாசலில் நின்ற நந்தனாவின் முகம் சுண்டியதைப் பார்த்து நாகம்மைக்கு உள்ளங்கால் வரை இனித்தது.

அத்தோடு போயிருக்கலாம் மனுஷன். இனி நீங்கள் என்னைக் கேளுங்கள் என்றார் பிள்ளைகளிடம். இதற்குப் பயிற்சி இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து அபினா எழுந்தாள்.

"சார், ஸ்மைலின் எப்பவும் இடது கைதான் தூக்குவா, அவளுக்குத் தெரியாதுல்லா. டீச்சர் வலது கை தூக்குனவங்களைத்தான் எழுப்புவாவ. அப்போ அவ எப்பம் படிப்பா?"

தேவகுமார் சிரிக்கவில்லை. 'பி' பிரிவையும் பார்த்துவிட்டு, பயிற்சி கொடுக்க நந்தனாவின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் நந்தனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குத்திக்காட்ட வந்திருக்கிறாள் என்று நாகம்மை சோற்றுப் பாத்திரத்தை மூடினாள்.

"ரெண்டு வருஷமாட்டு நானும் பழக்குகேன் டீச்சர். எனக்க பிள்ளைக என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் கேக்கும். அபினா கேட்டது மாதிரி ஒரு கேள்விகூட கேட்டதில்ல. நீங்க எப்பிடிப் பழக்குனிய?"

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று நாகம்மைக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டு வருஷமாகத் தன் வயிற்றில் கிடந்த அதே எரிச்சல். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் அவள் ஸ்மைலினின் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஜூன் மாதத்திலிருந்து தன் வகுப்பில் இருக்கும் பிள்ளை. எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.